சாய் 96 நாட் அவுட்: ஏ அணியின் வெளிநாட்டுப் பயணத்தை எப்படிப் பார்ப்பது?

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. இன்னும் விடியவில்லை, மணி ஐந்தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். பக்கத்து வீட்டு மாமா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிக்கொண்டிருந்தார். போன தடவை வெட்டிய வடுவில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்துக் கூடையில் போடுவார். கத்தியைப் பட்டையில் வைத்துச் சாய்வாக ஓர் இழுப்பு. வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பி ஓடி வந்து சிரட்டைக்குள் சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்தில் இருப்பார். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. தீபாவளியன்று வெட்டினார், அடுத்து அன்றைக்கு. நான் வேலிக்கு இந்தப் பக்கம் போனும் கையுமாக நின்றிருந்தேன்.

"மக்கா, பையன் நூறு அடிச்சாச்சா?"

"இல்ல மாமா, இப்பதான் ஆட்டம் தொடங்கப் போகுது. சாய் 96-ல நிக்கான்."

அவர் இரண்டு மரம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிக் கேட்டார். "இது இந்தியா டீம்னா, பம்பாயில ஆடுறது யாராக்கும்?"

கிரிக்கெட் பார்க்கும் பலருக்கும் இருக்கிற சந்தேகம்தான் அது. அன்று மும்பை வான்கடே மைதானத்தில் ரோஹித் சர்மா தலைமையில் இந்தியா, நியூசிலாந்தோடு மூன்றாவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. அதே நாளில் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து கடற்கரையில் இருக்கிற மக்காய் என்ற ஊரில், ருதுராஜ் கெய்க்வாட் தலைமையில் இன்னோர் இந்தியா, ஆஸ்திரேலியா ஏ அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது இந்தியாவுக்குப் பெயர் இந்தியா ஏ. மாமா கேட்ட பையன், அதில் ஆடிய நம் தமிழ்நாட்டு மட்டையாளர் சாய் சுதர்சன். மாமாவுக்கு அன்று வேலி ஓரமாக நின்று பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏ அணி என்பது தேசிய அணிக்கு அடுத்த வரிசை. கிரிக்கெட் வாரியமே அமைப்பது, தேசிய அணியைத் தேர்வு செய்கிறவர்களே ஆள் எடுப்பது. மாநிலத்துக்காக ரஞ்சிக் கோப்பையில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கி எடுத்து, நாளைக்கு இந்தியாவுக்கு ஆடத் தகுதி இருக்கிறதா என்று உரசிப் பார்க்கும் இடம். எல்லாப் பெரிய கிரிக்கெட் நாடுகளிலும் இது உண்டு. இங்கிலாந்தில் லயன்ஸ் என்பார்கள், பாகிஸ்தானில் ஷாஹீன்ஸ். மற்ற நாடுகள் பெரும்பாலும் ஏ என்ற எழுத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்த ஆட்டங்களுக்கு டெஸ்ட் என்ற தகுதி கிடையாது. அதனால்தான் நாலு நாள் ஆட்டத்தை 'அதிகாரப்பூர்வமற்ற டெஸ்ட்' என்று எழுதுகிறார்கள். அதில் ஆடினால், முதல் டெஸ்ட் ஆடுகிறவருக்குத் தரும் டெஸ்ட் தொப்பி கிடைக்காது, அடித்த ரன் டெஸ்ட் கணக்கில் சேராது. ஆனால் ஒன்றுமில்லாமல் காற்றோடு போகிற ஆட்டமும் இல்லை. நாலு நாள் ஆட்டம் முதல்தரப் போட்டிக் கணக்கில் ஏறும், ரஞ்சி ஆட்டம் போல. ஒருநாள் ஆட்டம், உள்நாட்டு ஒருநாள் ஆட்டங்களும் சேர்கிற லிஸ்ட் ஏ கணக்கில் ஏறும், மாநிலங்கள் மோதும் விஜய் ஹசாரே கோப்பை போல. 2013 ஆகஸ்டில் பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்கா ஏ அணிக்கு எதிராக ஷிகர் தவான் 150 பந்தில் 248 அடித்தார். அது ஒருநாள் சர்வதேச ஆட்டமாக எங்கும் எழுதப்படவில்லை, லிஸ்ட் ஏ கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. 2022இல் நம் ஜெகதீசன் தமிழ்நாட்டுக்காக அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 அடித்தாரே, அதுவும் அதே பேரேட்டில்தான் இருக்கிறது.

நான் முதன்முதலில் ஏ அணி ஆட்டத்தை நேரில் பார்த்தது வெளிநாட்டில் இல்லை, திருவனந்தபுரம் காரியவட்டத்தில். 2019 செப்டம்பர், ஓணத்துக்கு முந்தின வாரம். களியக்காவிளையிலிருந்து பஸ் பிடித்துத் தம்பானூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போனேன். இந்தியா ஏ - தென்னாப்பிரிக்கா ஏ. மழை பெய்து ஆட்டம் 20 ஓவராகச் சுருங்கியது. விழிஞ்ஞம் பக்கத்துப் பிள்ளையான சஞ்சு சாம்சன் 48 பந்தில் 91 அடித்தார். ஆட்டம் முடிந்து அந்தச் சம்பளத்தை மைதான ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று படித்தபோது, ஈரத் தார்ப்பாயை இழுத்து இழுத்துப் போட்ட அந்த மனிதர்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். ஏ அணி எங்கே போனாலும் பின்னாலேயே போகிறேன், போனில்.

சரி, இந்த அணியை ஏன் செலவு செய்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்? இங்கேயே ஆட விட்டால் போதாதா?

போதாது. முதல் காரணம் பந்து. ரஞ்சியில் நம் பையன்கள் ஆடுவது எஸ்ஜி என்ற கம்பெனிப் பந்தில். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் கூக்கபுரா. இங்கிலாந்திலும் வெஸ்ட் இண்டீஸிலும் டியூக்ஸ். பார்க்க எல்லாம் சிவப்பு உருண்டைதான், கையில் எடுத்தால் தெரியும். டியூக்ஸ் பந்தின் தையல் நெடுநேரம் நிமிர்ந்தே நிற்கும், ஐம்பதாவது ஓவரிலும் காற்றில் வளைந்து ஆளைக் கவிழ்க்கும். கூக்கபுரா முதல் இருபது இருபத்தைந்து ஓவர் ஆளைப் படுத்தி எடுத்துவிட்டு அப்புறம் தையல் அமுங்கிச் சாதுவாகிவிடும். அதனால் ஆஸ்திரேலியாவில் ஆரம்பத் தாக்குதலைத் தாண்டத் தெரிய வேண்டும், இங்கிலாந்தில் எத்தனை நேரம் ஆனாலும் கண்ணை எடுக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். பந்துவீச்சாளருக்கும் அப்படியே. எஸ்ஜி பந்தில் விக்கெட்டாக அள்ளுகிறவர், அமுங்கிப்போன கூக்கபுராவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

பந்து எழும்பும் உயரமும் வேறு. நம் ஊரில் இடுப்புக்கு வருகிற பந்து அங்கே நெஞ்சுக்கு வரும். இங்கே கவர் டிரைவ் அடிக்கிற பந்து அங்கே ஸ்லிப்புக்குப் போகும். இதை வலைப்பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிட முடியாது. ரப்பர் கன்று வைத்துப் பால் வெட்டுவதற்கு ஏழு வருஷம் ஆகும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். நடுவில் கத்தி வைத்தால் மரம் போய்விடும். ஒரு மட்டையாளர் அந்த ஊர் மண்ணுக்குப் பழகுவதும் அதுபோலத்தான் நாள் பிடிக்கும். நேராக டெஸ்டில் இறக்கிப் பழக விடுவதைவிட ஏ அணியில் விட்டுப் பழக்குவது நல்லது.

இதை நம் நாட்டில் ஒழுங்காகக் கட்டி எழுப்பியதில் ராகுல் டிராவிடுக்குப் பெரிய பங்கு உண்டு. 2015இலிருந்து 2019 வரை இந்தியா ஏ அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். ஏ பயணத்துக்கு என்னோடு வந்தால் ஓர் ஆட்டமாவது ஆடாமல் நீ திரும்பப் போவதில்லை என்று பையன்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவதாக 2021இல் ஒரு பேட்டியில் சொன்னார். சிறுவயதில் அவரே ஒரு பயணம் போய் ஆட வாய்ப்புக் கிடைக்காமல் திரும்பியவராம். அந்த வலி தெரிந்தவர் போட்ட விதி அது. இது ரசிகனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஏ அணியில் முதல் ஆட்டத்தில் சதம் அடித்தவர் அடுத்த ஆட்டத்தில் இல்லையே, என்ன அநியாயம் என்று நாம் கொதிப்போம். அநியாயம் ஒன்றும் இல்லை. அங்கே ஜெயிப்பது ஒரு வேலை, எல்லாரையும் ஆட வைத்துப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

பல பயணங்கள் மூத்த அணியின் பயணத்துக்கு முன்னோட்டமாகவே போடப்படுகின்றன. 2024 நவம்பர் கடைசியில் பெர்த்தில் டெஸ்ட் தொடர் தொடங்கப் போகிறதென்றால், மாதத் தொடக்கத்திலேயே ஏ அணி அங்கே போய் ஆடிக்கொண்டிருக்கும். யாருக்காவது அடிபட்டால் எடுத்துக்கொள்ள, பந்துக்குப் பழகிய ஆள் பக்கத்திலேயே இருப்பார். அந்த முறை அப்படியேதான் நடந்தது. பயிற்சியில் சுப்மன் கில்லுக்குக் கட்டைவிரல் முறிந்தது. ஏ அணியோடு வந்திருந்த தேவ்தத் படிக்கல்லை ஊருக்குத் திரும்ப வேண்டாம், இங்கேயே இரு என்று நிறுத்தி பெர்த் டெஸ்டில் இறக்கினார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஏ அணி ஸ்கோர்கார்டை, மூத்த அணி ஸ்கோர்கார்டைப் படிப்பது போலப் படிக்கக் கூடாது. மூத்த அணி ஆடினால் முதலில் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்போம், அப்புறம் யார் எவ்வளவு என்று. ஏ அணிக்கு இரண்டும் போதாது. ஒருவர் எடுத்த ரன்னைப் பார்த்த கண்ணோடு, அதே மண்ணில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மக்காய் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தன. இந்தியா ஏ 107க்கு ஆல் அவுட். பிரெண்டன் டாக்கெட் 15 ரன் கொடுத்து 6 விக்கெட். சரி, நம் பையன்கள் சொதப்பிவிட்டார்கள் என்று போனை மூடினால் கதை தெரியாது. ஆஸ்திரேலியா ஏ எவ்வளவு எடுத்தது? சொந்த மண்ணில், சொந்தப் பந்தில், 195தான். முகேஷ் குமார் 46 ரன்னுக்கு 6 விக்கெட். அப்படியானால் அது மட்டை பிடிக்கக் கடினமான ஆடுகளம். அந்தக் களத்தில்தான் இரண்டாவது இன்னிங்ஸில் சாய் சுதர்சனும் படிக்கல்லும் சேர்ந்து நின்றார்கள். இரண்டாம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 208, சாய் 96, படிக்கல் 80. மாமா கேட்ட அன்று காலை சாய் 103 எடுத்து வெளியேறினார், படிக்கல் 88. மொத்தம் 312. கடைசியில் ஆஸ்திரேலியா ஏ 7 விக்கெட்டில் ஜெயித்தது. தோற்ற ஆட்டம்தான். ஆனால் முதல் இன்னிங்ஸில் பதினோரு பேர் சேர்ந்து 107 எடுத்த ஆட்டத்தில் ஒருவர் தனியாக 103 எடுத்திருக்கிறார். அந்த 103ஐ நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது 2025 மே கடைசிக்கு வருவோம், இங்கிலாந்தில் கேன்டர்பரி. லயன்ஸ் அணிக்கு எதிராகக் கருண் நாயர் 204 அடித்தார். ரஞ்சி பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்னால் நாக்பூரில், கேரளா முதன்முதலாக ஏறிய ரஞ்சி இறுதி ஆட்டத்தில், விதர்பாவுக்காக 86ம் 135ம் எடுத்துக் கேரளாவின் ஆசையைக் கலைத்தவர் அவர். எல்லையில் இருக்கிற எங்களுக்கு அந்த ஆட்டம் சொந்த வீட்டு விஷயம் மாதிரி. சாயாக்கடையில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் அடுத்தடுத்துத் தொங்கும். அந்த வாரம் இரண்டிலும் அதே படம்தான்.

சரி, 204. பிரமாதம் என்று தோன்றும். மற்றவர்கள் என்ன எடுத்தார்கள் என்று பாருங்கள். ஜுரெல் 94, சர்பராஸ் 92, இந்தியா ஏ மொத்தம் 557. அதற்கு லயன்ஸ் 587. அவர்கள் பக்கம் மூன்று பேர் சதம். ஆட்டம் டிரா. பந்துவீச்சாளர்களுக்கு எதுவுமே இல்லாத மண் அது. கருண் நாயரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, எட்டு வருஷம் வெளியே நின்றவர் கிடைத்த வாய்ப்பை விடாமல் பிடித்தார். ஆனால் அந்த 204 அவர் டெஸ்டில் என்ன செய்வார் என்று சொல்லப் போதுமானதில்லை. அடுத்து வந்த இங்கிலாந்து டெஸ்ட் தொடரில், ஹெடிங்லியில் 0, 20. நாலு டெஸ்ட் ஆடி ஒரே ஓர் அரைச்சதம், ஓவலில் 57. ஸ்கோர்கார்டில் 204 பெரியது, 103 சிறியது. மண்ணையும் எதிரணி எடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறும்.

இதே கண்ணோடு 2018 ஜூலைக்குப் போங்கள். வூஸ்டரில் லயன்ஸ் அணிக்கு இங்கிலாந்தின் மூத்த மட்டையாளர் அலஸ்டைர் குக் வந்து 180 அடித்தார். இந்தியா ஏ 197, 167 என்று இரண்டு முறையும் சுருண்டு 253 ரன் வித்தியாசத்தில் தோற்றது. கேவலமான தோல்வி என்று அன்று எல்லாரும் எழுதினார்கள். அந்த 197இல் ரிஷப் பந்த் 58, அந்த 167இல் 61. அணி இடிந்துகொண்டிருக்கும்போது இரண்டு முறையும் நின்று ஆடிய ஒருவர். அடுத்த மாதமே டிரென்ட்பிரிட்ஜில் அவருக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது, சந்தித்த இரண்டாவது பந்தை சிக்சருக்கு அனுப்பினார்.

அதற்காக, ஏ அணியில் நன்றாக ஆடினால் உடனே இடம் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் மனம் உடைவது இங்கேதான். மக்காயில் சதம் அடித்த சாய் பெர்த்தில் ஆடவில்லை. தொடருக்கான அணியை அக்டோபர் 25ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள், மக்காய் ஆட்டமோ 31இல்தான் தொடங்கியது. அதே ஆட்டத்திலும் அடுத்து மெல்பர்ன் ஏ ஆட்டத்திலும் ஓர் அரைச்சதம்கூட எடுக்காத நிதீஷ் குமார் ரெட்டி பெர்த்தில் ஆடினார், முதல் இன்னிங்ஸில் 41 எடுத்து அணியிலேயே அதிக ரன் அவருடையது. டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டில் சதமே அடித்தார். ஏன் அவர்? அணிக்கு வேகப்பந்தும் போடுகிற மட்டையாளர் வேண்டும், நாட்டில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆக, ஒருவர் எத்தனை ரன் எடுத்தார் என்பதோடு, மூத்த அணியில் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் ஏ அணி ஆட்டம் சுவாரசியமாகிவிடும்.

எதிரணியையும் விடாதீர்கள். மக்காயில் 88 எடுத்து ஆட்டத்தை முடித்த மெக்ஸ்வீனி மூன்று வாரத்தில் பெர்த்தில் டெஸ்ட் தொடக்க ஆட்டக்காரர். அவரோடு நின்ற வெப்ஸ்டர் ஜனவரியில் சிட்னியில். மெல்பர்ன் ஏ ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 73 எடுத்த சாம் கான்ஸ்டாஸ், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதே மைதானத்தில் பும்ராவை, பந்தைக் கீப்பர் தலைக்கு மேலே தூக்கிவிடும் ராம்ப் ஷாட் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அன்று எல்லாரும் யார் இந்தப் பொடியன் என்று கேட்டார்கள். ஏ ஆட்டம் பார்த்தவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த முகம் அது.

பெண்கள் ஏ அணியைப் பலர் பார்ப்பதே இல்லை. 2024 ஆகஸ்டில் இந்தியா ஏ பெண்கள் அணி ஆஸ்திரேலியா போனது. கேப்டன் மின்னு மணி. வயநாடு மானந்தவாடிக்காரர், குறிச்சிய சமூகத்துப் பெண். அவர் ஊரில் ஒரு சந்திப்புக்கே மின்னு மணி ஜங்ஷன் என்று நகராட்சி பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பயணத்தில் மூன்று டி20யும் தோல்வி, ஒருநாள் தொடரும் தோல்வி, நாலு நாள் ஆட்டமும் 45 ரன்னில் தோல்வி. முடிவை மட்டும் பார்க்கிறவர்கள் கெட்ட பயணம் என்று மூடிவைத்திருப்பார்கள். ஆனால் அந்த நாலு நாள் ஆட்டத்தில் மின்னு மணி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார், ஆஃப் ஸ்பின் போட்டு, ஆஸ்திரேலிய மண்ணில். டிசம்பரில் அவர் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் அறிமுகமானதும் அதே ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில்.

இன்னொரு வகை ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஏ அணிக்கு மூன்று விதமானவர்கள் வருவார்கள். மேலே ஏறிக்கொண்டிருக்கும் சின்னப் பையன்கள். ஃபார்ம் இழந்தோ பயிற்சி தேடியோ மேலேயிருந்து இறங்கி வருகிற மூத்தவர்கள், கே.எல். ராகுல் போல. அப்புறம், வாசலிலேயே நிற்கிறவர்கள். அபிமன்யு ஈஸ்வரன் மூன்றாம் வகை. அப்பா தமிழர், பிறந்தது டேராடூனில், ஆடுவது வங்காளத்துக்கு. 100 முதல்தர ஆட்டங்களைத் தாண்டியவர், இந்தியா ஏ அணிக்குக் கேப்டனாக இருந்தவர், கேன்டர்பரியிலும் அவர்தான். 2021லேயே மூத்த அணியோடு மாற்று ஆளாகப் பயணம் போகத் தொடங்கிவிட்டார். 2025 இங்கிலாந்துத் தொடரில் அணியில் இருந்தார், ஐந்து டெஸ்டிலும் ஆட வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ பேர் அவரைத் தாண்டித் தொப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஏ அணியைப் பின்தொடர ஆரம்பித்தால் இப்படிப்பட்டவர்கள் மேல் ஒரு பாசம் வந்துவிடும். அவர் மட்டை பிடிக்க வந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நேரக் கணக்கு சொல்கிறேன், அதுதான் நடைமுறையில் உதவும். நியூசிலாந்தில் என்றால் நம் நேரம் விடியற்காலை மூன்று, மூன்றரை. ஆஸ்திரேலியா ஐந்து, ஐந்தரை. இந்த இரண்டும் பால் வெட்டுகிறவர்களுக்குத் தோதான நேரம். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள், ஒரு காதில் ஸ்கோர் கேட்டுக்கொண்டே வேலை நடக்கும். தென்னாப்பிரிக்கா மதியம் ஒன்றரை, சாப்பாட்டுக்குப் பின். இங்கிலாந்து மாலை மூன்றரை, சாயாக்கடை நேரம். வெஸ்ட் இண்டீஸ் இரவு ஏழரைக்குத் தொடங்கி நடுநிசி தாண்டும். 2019 ஆகஸ்டில் டிரினிடாடில் 14 ரன்னுக்கு 3 விக்கெட் போன நிலையிலிருந்து சுப்மன் கில் ஆட்டமிழக்காமல் 204 எடுத்தது எங்கள் தூக்க நேரத்தில்.

டிவியில் தேடாதீர்கள், பெரும்பாலும் வராது. ஆட்டம் நடக்கிற நாட்டின் கிரிக்கெட் வாரியம் தன் செயலியிலோ யூடியூபிலோ இலவசமாகக் காட்டும், சில பயணங்களுக்கு அதுவும் இருக்காது. கேமரா குறைவு, ரீப்ளே குறைவு, நடுவர் முடிவை மறுபடி பார்க்கும் டிஆர்எஸ் பெரும்பாலும் கிடையாது. அதனால் எல்பிடபிள்யூ என்று ஸ்கோர்கார்டில் பார்த்ததும் அவருக்குக் காலை நகர்த்தத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காட்சி இல்லாதபோது பந்துக்குப் பந்து எழுத்து விவரணையைப் படியுங்கள். அதில் என் கண் போவது இரண்டு இடத்துக்கு. மட்டையாளர் எத்தனையாவது ஓவரில் உள்ளே வந்தார், பந்து புதிதா பழையதா. பந்துவீச்சாளர் மூன்றாவது நாள் மாலையில், களைத்த காலோடு, எப்படிப் போட்டார். ஒரு சின்ன நோட்டில் இதைக் குறித்து வைத்தால் ஆறு மாதம் கழித்து அவர் பெயர் மூத்த அணிப் பட்டியலில் வரும்போது எடுத்துப் பார்க்கலாம். என் நோட்டு ஒன்று மழையில் நனைந்து போய்விட்டது, இப்போது எழுதுவது இரண்டாவது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பயணத்தில் சில ஆட்டங்களைக் கதவடைத்து ஆடுவார்கள். 2025 ஜூனில் பெக்கனமில் இந்தியாவும் இந்தியா ஏ அணியும் தங்களுக்குள் ஆடியது அப்படி. ரசிகர்கள் இல்லை, ஒளிபரப்பு இல்லை, முதல்தரக் கணக்கிலும் ஏறாது. அதில் ஒருவர் சதம் அடித்தார் என்று செய்தி வந்தால் சந்தோஷப்படலாம், அதை வைத்துத் தேர்வாளர்களோடு சண்டைக்குப் போக முடியாது.

அந்த ஜூன் 20ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஹெடிங்லியில் சாய் சுதர்சனுக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது. மக்காய் ஆட்டம் முடிந்து ஏழரை மாதம். சாயாக்கடையில் நல்ல கூட்டம், மாமா ரப்பர் ஷீட் அடித்து முடித்துவிட்டு ஆசிட் மணத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உணவு இடைவேளைக்குச் சற்று முன் ராகுல் அவுட் ஆனதும் சாய் இறங்கினார். நாலு பந்து. ஸ்டோக்ஸ் கால் பக்கம் போட்ட பந்தைத் தொட்டு, கீப்பர் கையில் கேட்ச், பூஜ்யம்.

கடையில் யாரோ, இவனையெல்லாம் யார் எடுத்தது என்றார்கள். மாமா கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது அந்த 96 பையனாக்கும். பொறுங்க."

இரண்டாவது இன்னிங்ஸில் 30. அப்புறம் இரண்டு டெஸ்ட் வெளியே உட்கார வைத்தார்கள். ஜூலை 23, மான்செஸ்டரில் திரும்ப இறக்கினார்கள். அன்று நான் வேலையில் இருந்தேன், திரையைப் பார்க்க முடியவில்லை. மாமா போன் செய்துகொண்டே இருந்தார். கடைசி அழைப்பில் ரன்னை அவர் முதலில் சொல்லவில்லை. "மக்கா, 151 பந்து நின்னிருக்கான்" என்றார். அதற்கு அப்புறம்தான், "61" என்று சொன்னார்.